ஒரே தொகை, இரண்டு தீர்ப்புகள்: பூங்கா வரிக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி மக்களின் ஆதரவை அளந்த விதம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), தன் பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் கடற்கரைகளுக்கும் பணம் வேண்டி, இரண்டாண்டு இடைவெளியில் இரண்டு முறை வாக்காளர்களிடம் சென்றது. 2014 நவம்பரில் பிராப்பசிஷன் பி (வாக்கெடுப்புக்கு விடும் முன்மொழிவை அங்கே பிராப்பசிஷன் அல்லது மெஷர் என்பார்கள்) என்ற பெயரில் ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 23 டாலர் வரி கேட்டுத் தோற்றது. 2016 நவம்பரில் மெஷர் ஏ என்ற பெயரில் கட்டடப் பரப்பில் சதுர அடிக்கு 1.5 சென்ட் கேட்டு வென்றது. 1,500 சதுர அடி வீடு வைத்திருப்பவர் இரண்டாவது திட்டத்தின்படி கட்ட வேண்டியது ஆண்டுக்கு 22 டாலர் 50 சென்ட். அதாவது, நடுத்தர வீட்டுக்காரரின் பையிலிருந்து போகும் தொகை இரண்டு முறையும் ஏறத்தாழ ஒன்றேதான். முதல் முறை ஆதரவு 62 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டாம் முறை ஏறத்தாழ 75 சதவீதம். இந்த இடைவெளியில் எவ்வளவு, மக்கள் மனத்தை அறிய எடுத்துக்கொண்ட முயற்சியால் வந்தது, எவ்வளவு காலத்தாலும் தேர்தல் சூழலாலும் வந்தது என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

தாண்ட வேண்டிய உயரம்

62 சதவீதம் ஆதரவு பெற்ற ஒன்று எப்படித் தோற்கும் என்ற கேள்வி முதலில் எழும். அதற்கு விடை கலிஃபோர்னியாவின் வரிச் சட்டத்தில் இருக்கிறது. 1978-இல் அந்த மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய பிராப்பசிஷன் 13, சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியதோடு, உள்ளாட்சி அமைப்புகள் குறிப்பிட்ட நோக்கத்துக்காகப் போடும் சிறப்பு வரிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றும் விதித்தது. அதன் பிறகும், வரி என்று சொல்லாமல், சொத்துக்குக் கிடைக்கும் பயனுக்கேற்ற கட்டணம் என்ற பெயரில் பணம் திரட்டும் வழி சில காலம் திறந்திருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி 1992-இல் அந்த வழியில்தான் 540 மில்லியன் டாலர் பூங்கா நிதியை வாக்காளர்களின் ஒப்புதலோடு பெற்றது. 1996-இல் மேலும் 319 மில்லியன் கிடைத்தது. அதே 1996 நவம்பரில் நிறைவேறிய பிராப்பசிஷன் 218 அந்த வழியையும் பெருமளவு அடைத்துவிட்டது.

1992-இல் கிடைத்த ஆதரவு 64 சதவீதம். 1996-இல் 65 சதவீதம். பாதிக்கு மேல் வாக்கு போதும் என்ற அன்றைய விதிப்படி இவை வசதியான வெற்றிகள். 2014-இன் விதிப்படி இரண்டுமே தோல்விகள். ஆகவே 2014-இல் மக்கள் பூங்காக்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று படிப்பது தவறு. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஆதரவு ஓரிரு புள்ளிகள்தான் இறங்கியிருந்தது. தாண்ட வேண்டிய கோடு பதினாறு புள்ளிகளுக்கு மேல் உயர்ந்திருந்தது. உள்ளூர் நிதிக்கான ஆதரவை அளக்கப் புறப்படுபவர் மக்களிடம் போவதற்கு முன் சட்டப் புத்தகத்தைத் திறக்க வேண்டியது இதனால்தான். எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்ற எண், எத்தனை பேர் விரும்பினால் போதும் என்பது தெரியாதவரை எதையும் சொல்வதில்லை.

மூன்றில் இரண்டு பங்கு என்ற விதிக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒரு மறுப்பு வாக்கை ஈடுகட்ட இரண்டு ஆதரவு வாக்குகள் தேவைப்படுகின்றன. எனவே, ஆதரிப்பவர்கள் எவ்வளவு உறுதியாக ஆதரிக்கிறார்கள் என்பதைவிட, மறுப்பவர்கள் எதற்காக மறுக்கிறார்கள், தயங்குபவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்பதை அறிவதே முக்கியமாகிறது. வரி தொடர்பான வாக்கெடுப்பில் முடிவெடுக்காதவர்கள் கடைசியில் மறுப்பின் பக்கம் சாய்வதுதான் வழக்கம். புரியாத வரிக்கு வேண்டாம் என்று சொல்வதில் யாருக்கும் நட்டமில்லை.

2014: அவசரமாகக் கேட்ட கேள்வி

1992-இல் தொடங்கிய கட்டணம் 2015-இல் முடிய இருந்தது. அதை ஈடுகட்ட, ஐந்து பேர் கொண்ட கவுண்டி மேற்பார்வையாளர் குழு 2014 கோடையில் பிராப்பசிஷன் பி-யை வாக்குச்சீட்டில் ஏற்றியது. மனைக்கு 23 டாலர், முப்பது ஆண்டுகளுக்கு. ஆண்டுக்கு ஏறத்தாழ 54 மில்லியன் டாலர் வரும் என்பது கணக்கு.

இரண்டு குறைகள் உடனே கண்ணில் பட்டன. முதலாவது, சிறிய வீடும் பெரிய வணிக வளாகமும் ஒரே 23 டாலரைக் கட்டும் அமைப்பு. இரண்டாவது, இந்தப் பணம் எந்தப் பகுதிக்கு, எந்தத் தேவைக்குப் போகும் என்பதைக் காட்டும் முழுமையான கணக்கெடுப்பு கவுண்டியிடம் இல்லாதது. இருபது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த பணத்தைத் தொடரச் சொல்கிறோம், அவ்வளவுதானே என்ற நம்பிக்கையில் கேள்வி கேட்கப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வாக்காளர் அந்தப் பணத்தை ஒரு தொடர்ச்சியாகப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. சொத்து வரி ரசீதில் பல கட்டணங்களுக்கு நடுவே ஒற்றைப் பதிவாக அச்சாகும் ஒன்று முடிவுக்கு வருவதை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

பட்டியல் எடுத்த கதை

தோல்விக்குப் பின் 2015 மார்ச்சில் மேற்பார்வையாளர் குழு, கவுண்டி முழுவதற்குமான பூங்காத் தேவைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. இந்தக் கதையில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுவே.

லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் 88 நகரங்களும், எந்த நகராட்சியிலும் சேராத பல பகுதிகளும் உண்டு. மக்கள் தொகை ஏறத்தாழ ஒரு கோடி. கணக்கெடுப்புக்காக இந்த முழுப் பரப்பும் 188 ஆய்வுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து விஷயங்கள் அளக்கப்பட்டன: ஆயிரம் பேருக்கு எத்தனை ஏக்கர் பூங்கா நிலம், வீட்டிலிருந்து அரை மைலுக்குள் பூங்கா உள்ளவர்கள் எத்தனை பேர், பூங்காக்கள் மீது விழும் அழுத்தம், அங்குள்ள வசதிகளின் எண்ணிக்கை, அந்த வசதிகளின் நிலை.

இவற்றில் அழுத்தம் என்ற அளவீடு தனியே கவனிக்கத் தக்கது. ஒவ்வொருவரும் தமக்கு மிக அருகிலுள்ள பூங்காவுக்கே போவதாக வைத்துக்கொண்டு, அந்தப் பூங்காவில் ஆயிரம் பேருக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று அது கணக்கிடுகிறது. இரண்டு ஏக்கர் பரப்புள்ள இரண்டு பூங்காக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே, எட்டாயிரம் பேருக்கு அருகில் இருக்கிறது. இன்னொன்று தனி வீடுகள் உள்ள தெருக்களில், ஆயிரம் பேருக்கு அருகில் இருக்கிறது. நிலப் பதிவேட்டில் இரண்டும் சமம். அழுத்தக் கணக்கில் முதலாவதில் ஆயிரம் பேருக்குக் கால் ஏக்கர். இரண்டாவதில் இரண்டு ஏக்கர். நகரத்துக்கு மொத்தம் இத்தனை ஏக்கர் என்ற சராசரியில் இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும். மாலை ஐந்து மணிக்கு ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கும் குழந்தையின் தாய்க்கு அது தெரியும். அவருக்குத் தெரிந்ததை ஆவணத்துக்குள் கொண்டுவந்தது இந்த அளவீடு.

2016 மே மாதம் வெளியான அறிக்கையின் எண்கள் கடுமையானவை. கவுண்டி முழுவதும் சராசரியாக ஆயிரம் பேருக்கு 3.3 ஏக்கர் உள்ளூர்ப் பூங்கா நிலம் இருந்தது. கவுண்டியின் சொந்தப் பொதுத் திட்டம் வைத்திருந்த இலக்கு 4 ஏக்கர். மக்களில் பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு அரை மைலுக்குள் பூங்கா இல்லை. மிக அதிகத் தேவை என்று வகைப்படுத்தப்பட்ட பகுதிகளில் 32.2 சதவீத மக்கள் வாழ்ந்தனர். அங்கே ஆயிரம் பேருக்கு 0.7 ஏக்கர்தான். நம் மனைக் கணக்கில் சொன்னால், ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 13 கிரவுண்டு. அதிகத் தேவை என்ற அடுத்த வகையையும் சேர்த்தால் மக்கள் தொகையில் பாதியைத் தாண்டிவிடும்.

அளவீட்டோடு நிறுத்தாமல், 2015 இறுதியிலும் 2016 தொடக்கத்திலும் ஆய்வுப் பகுதிகள்தோறும் மக்கள் கூட்டங்கள் நடத்தப்பட்டன, மொத்தம் 178. கவுண்டி அதிகாரிகள் எல்லா இடத்துக்கும் போய் நடத்தவில்லை. நகராட்சிகளிடமும் உள்ளூர் அமைப்புகளிடமும் வரைபடங்களையும் விவரத் தொகுப்பையும் கொடுத்து, நடத்துவதற்கு உதவித்தொகையும் கொடுத்து அவர்களையே நடத்தச் சொன்னது. தங்கள் பகுதியில் இருப்பது என்ன, பழுதானது என்ன என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு, வந்தவர்கள் தங்கள் பகுதிக்கு வேண்டிய பத்துத் திட்டங்கள் வரை முன்னுரிமைப்படுத்தினார்கள். ஓரிடத்தில் கழிப்பறையைச் செப்பனிடுவது, இன்னோரிடத்தில் விளக்குப் போடுவது, வேறோரிடத்தில் காலி மனையை வாங்கிப் புதிய பூங்கா அமைப்பது என்று 1,700-க்கும் மேற்பட்ட திட்டங்கள் சேர்ந்தன.

இந்தக் கூட்டங்களைக் கருத்துக்கணிப்பு என்று எடுத்துக்கொள்வது பெரும் பிழையாகும். கூட்டத்துக்கு வருபவர் ஏற்கெனவே பூங்காவில் அக்கறை உள்ளவர். மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டில் பிறந்தவர்களாக உள்ள ஒரு கவுண்டியில், கூட்டத்தில் கை உயர்த்தும் பலருக்கு வாக்குரிமையே இருக்காது. மறுபுறம், தவறாமல் வாக்களிக்கும் முதிய வீட்டு உரிமையாளர் ஒருவர் இப்படிப்பட்ட கூட்டத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். கூட்டம் சொல்வது என்ன வேண்டும் என்பதை. பணம் தருவார்களா என்பதைச் சொல்வது வாக்காளர் பட்டியலிலிருந்து முறைப்படி மாதிரி எடுத்துக் கேட்கும் கணிப்பு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தார்கள், எல்லோரும் ஆதரித்தார்கள் என்று அறிக்கை எழுதும் பழக்கம் உள்ளாட்சி அமைப்புகளிடம் எங்கும் உண்டு. அந்த அறிக்கையை நம்பி வாக்கெடுப்புக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை வாக்கு எண்ணும் இரவுதான் சொல்லும்.

கேள்வியின் சொற்களும் வரியின் வடிவமும்

வரிக்கான ஆதரவை அளக்கும் கணிப்புகளில், கேள்வி பெரும்பாலும் வாக்குச்சீட்டில் வரப்போகும் சொற்களிலேயே கேட்கப்படும். கலிஃபோர்னியாவில் வாக்குச்சீட்டில் அச்சாகும் அந்தச் சுருக்கக் கேள்விக்கு 75 சொற்கள்தான் வரம்பு; பெரும்பாலான வாக்காளர்கள் படிப்பது அதை மட்டுமே. முதலில் எந்த விளக்கமும் தராமல் ஒருமுறை கேட்பார்கள். பின் ஆதரவு வாதங்களைச் சொல்லி மறுபடி கேட்பார்கள். எதிர் வாதங்களையும் சொல்லி மூன்றாம் முறை கேட்பார்கள். மூன்றாம் எண்தான் நம்பத் தகுந்தது. மாதிரியைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியிடம் ஒரு தொகையும் மறுபாதியிடம் வேறு தொகையும் கேட்டு, எந்த இடத்தில் ஆதரவு முறிகிறது என்று பார்ப்பதும் வழக்கம்.

2016-இல் வெற்றி தந்தது சொல்லழகுதான் என்று முடிவு கட்டுவதற்கு முன், 2014 கேள்வியையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். முடிவுக்கு வரும் பழைய நிதியைத் தொடர்வது என்ற நினைவூட்டலோடுதான் இரண்டும் தொடங்கின. பாதுகாப்பான பூங்காக்கள், இளைஞர் வன்முறைக் கும்பல்களைத் தடுப்பது, முதியோர் மையங்கள், கடற்கரைகள், நீர்வளம் ஆகியவை இரண்டிலும் இருந்தன. தணிக்கை பற்றிய உறுதிமொழியும் இரண்டிலும் இருந்தது. கணிப்புகளில் நன்றாக எடுபடும் சொற்கள் எவை என்பது 2014-லேயே தெரிந்திருந்தது, அவை காப்பாற்றவில்லை.

மாறியது வரியின் வடிவம். பத்து லட்சம் சதுர அடி அலுவலகக் கோபுரம் ஒரே மனையில் நின்றால் பழைய திட்டத்தில் 23 டாலர் கட்டியிருக்கும். புதிய திட்டத்தில் 15,000 டாலர் கட்ட வேண்டும். வீட்டுக்காரரின் சுமை கூடாமலே ஆண்டு வருவாய் 54 மில்லியனிலிருந்து ஏறத்தாழ 94 மில்லியனுக்கு உயர்ந்ததன் இரகசியம் இவ்வளவே. இதில் வியப்பு என்னவென்றால், பழைய திட்டத்துக்கு முப்பதாண்டு வரம்பு இருந்தது. புதியதற்கு முடிவுத் தேதியே கிடையாது, வாக்காளர்களே நீக்கும்வரை தொடரும். எதைக் கண்டால் மக்கள் மிரள்வார்கள் என்று பொதுவாக எண்ணப்படுகிறதோ, அது இங்கே பெரிய தடையாக இருக்கவில்லை. நியாயமான பங்கீடு என்ற எண்ணம், கால வரம்பைவிடக் கூடுதல் எடை பெற்றதாகத் தெரிகிறது.

செலவுப் பங்கீட்டிலும் கணக்கெடுப்பின் தடம் தெரிந்தது. 35 சதவீதம் எல்லா ஆய்வுப் பகுதிகளுக்கும் சேரும். 13 சதவீதம் தேவை மிகுந்த பகுதிகளுக்கென்று தனியே ஒதுக்கப்பட்டது. பராமரிப்புக்கு 15 சதவீதம். இளைஞர்கள், முன்னாள் படைவீரர்களின் வேலைப் பயிற்சிக்கு 3.8 சதவீதம். தேவையை மட்டும் பார்த்திருந்தால் 13 சதவீதம் மிகக் குறைவு. ஆனால் தேவை குறைந்த, வசதி மிகுந்த பகுதிகளின் வாக்குகள் இல்லாமல் மூன்றில் இரண்டு பங்கை எட்ட முடியாது. அந்த 35 சதவீதம் எல்லோரையும் உள்ளே வைத்திருக்கக் கொடுத்த விலை என்று நான் கருதுகிறேன். அதை நீதி என்று அழைக்க வேண்டியதில்லை, கணக்கு என்று அழைத்தால் போதும்.

வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு

முழுப் பெருமையையும் கணக்கெடுப்புக்கும் கூட்டங்களுக்கும் கொடுத்துவிட ஆசை எழுவது இயல்பு. ஆனால் 2014 நவம்பரில் கவுண்டியின் பதிவு பெற்ற வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட வாக்களிக்கவில்லை. 2016 அதிபர் தேர்தல் ஆண்டு; வந்தவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். கூடுதலாக வந்தவர்களில் இளைஞர்களும் வாடகைக்குக் குடியிருப்பவர்களும் அதிகம் இருப்பது இத்தகைய தேர்தல்களின் இயல்பு. கவுண்டியின் குடும்பங்களில் பாதிக்கு மேல் வாடகை வீடுகளில் வாழ்பவை. இந்த வரியின் ரசீது அவர்கள் பெயருக்கு நேரடியாக வருவதில்லை. அதே வாக்குச்சீட்டில் போக்குவரத்துக்கான, டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரியும் 71 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. ஆகவே 62-க்கும் 75-க்கும் இடையிலான புள்ளிகளில் ஒரு நல்ல பகுதி, யார் வந்தார்கள் என்பதால் வந்தது. எத்தனை புள்ளிகள் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி, வரியின் வடிவமும் கணக்கெடுப்பும் தேர்தல் ஆண்டும் ஒரே நேரத்தில் மாறிவிட்டன.

சதுர அடி முறைக்கே தனி மந்திரசக்தி இருக்கிறதா என்பதற்கு 2019 ஒரு சோதனையாக அமைந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பொதுமக்களின் அனுதாபம் அவர்கள் பக்கம் வெளிப்படையாக இருந்தது. அந்த அலை அடங்குவதற்குள் பள்ளி மாவட்டம் சதுர அடிக்கு 16 சென்ட் வரி கேட்டு மெஷர் இஇ-யை ஜூன் மாதத்தில் தனித் தேர்தலாக நடத்தியது. வந்தவர்கள் மிகக் குறைவு. மூன்றில் இரண்டு பங்கு இருக்கட்டும், பாதியைக்கூட அது எட்டவில்லை. அனுதாபத்தை அளந்துவிட்டு அதை ஆதரவு என்று படித்தது, தொகையைப் பத்து மடங்குக்கு மேல் வைத்தது, அவசரம், தேர்தல் மாதம் எல்லாம் அங்கே சேர்ந்துகொண்டன. 2014 பூங்காத் தேர்தலின் பாடங்கள் அதே ஊரில் ஐந்தே ஆண்டுகளில் மறக்கப்பட்டன என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனாலும் கணக்கெடுப்பின் மதிப்பை வாக்கு எண்ணிக்கையால் மட்டும் அளக்கக் கூடாது. பணம் வந்த பிறகு அதை எங்கே செலவிடுவது என்ற சண்டைக்கு ஒரு பொது ஆவணம் அடிப்படையாக இருந்தது. கிராமப்புறத் தேவைகளையும் வட்டாரப் பொழுதுபோக்கு இடங்களையும் சேர்த்து 2022-இல் கவுண்டி அதை விரிவுபடுத்தியது.

எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்ட குறையும் அதற்கு உண்டு. மக்கள் முன்னுரிமைப்படுத்திய திட்டங்களுக்கு 8.8 பில்லியன் டாலர், தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலைகளுக்கு 12 பில்லியன் ஆகியவை உட்பட, மொத்தத் தேவை 21.5 பில்லியன் டாலர் என அறிக்கை சொன்னது. ஆண்டுக்கு 94 மில்லியனை வைத்து இதை முடிக்க 220 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பராமரிப்புக்கென்று ஒதுக்கிய 15 சதவீதம் ஆண்டுக்குப் பதினான்கு மில்லியன் அளவில்தான் வரும். என்ன வேண்டும் என்று கேட்ட கூட்டத்தில், இதற்கு எவ்வளவு தரத் தயார் என்ற கேள்வி அதே மேசையில் வைக்கப்படவில்லை. பத்துத் திட்டங்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அவற்றின் விலையோடு, இந்த வரியில் அவற்றுள் எத்தனை நடக்கும் என்பதும் சொல்லப்பட்டிருந்தால் பட்டியல் வேறு மாதிரி அமைந்திருக்கும்.

கோடு மீண்டும் நகர்ந்தது

கலிஃபோர்னியாவில் இந்தக் கதை பின்னர் எதிர்பாராத திசையில் திரும்பியது. 2017-இல் அப்லண்ட் நகரம் தொடர்பான வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அரசு அமைப்புகள் முன்வைக்கும் வரிகளுக்கான கட்டுப்பாடுகள் குடிமக்களே கையெழுத்துத் திரட்டி முன்வைக்கும் வரிகளுக்கு அப்படியே பொருந்துமா என்ற கேள்வியைத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஃபிரெஸ்னோ நகரில், பூங்காக்களுக்காக முப்பதாண்டு விற்பனை வரி கேட்கும் மெஷர் பி குடிமக்கள் முயற்சியாக வாக்குச்சீட்டில் ஏறி 52 சதவீதம் பெற்றது. மூன்றில் இரண்டு பங்கு இல்லை என்று நகரம் அதைத் தோற்றதாக அறிவித்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், குடிமக்கள் முன்வைத்ததால் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று 2020 டிசம்பரில் தீர்ப்பாகி, இரண்டாண்டுக்கு முன் தோற்றதாகச் சொல்லப்பட்ட வரி நடைமுறைக்கு வந்தது. 2014-இல் லாஸ் ஏஞ்சலிஸில் 62 சதவீதம் தோல்வி. 2018-இல் ஃபிரெஸ்னோவில் 52 சதவீதம் வெற்றி. அதன் பிறகு அந்த மாநிலத்தில் பூங்கா நிதிக்கான கணிப்பை வடிவமைப்பவர்கள், மக்களிடம் கேட்கும் கேள்விகளோடு, இந்த வரியை வாக்குச்சீட்டில் யார் முன்வைக்கப் போகிறார்கள் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று.